டெட்லிஃப்ட்டுக்கு முதல் நாள் 100 கிலோ ரோ எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 27. ஈரோட்டில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். பவர்லிஃப்டிங்கில் 83 கிலோ பிரிவு. ஸ்குவாட் (எடைக் கம்பியான பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 190, பெஞ்ச் (மல்லாந்து படுத்துப் பாரை மார்பிலிருந்து தள்ளுவது) 120, டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) 215 கிலோ. டெட்லிஃப்ட் ஒரு வருடமாக நகரவில்லை. 220 வைத்தால் பார் காலை விட்டு விலகிப்போய், மேல்முதுகு கூன் போட்டுவிடுகிறது. பெஞ்சில் பாரை இறக்கும்போது ஆட்டம் இருக்கிறது. முதுகில் பலம் பத்தவில்லை, பார்பெல் ரோவை, அதாவது குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பதை, கனமாகப் போடு என்று மாஸ்டர் சொன்னதால், ஆறு மாதமாகப் புதன்கிழமைகளில் 100 கிலோவில் ஒரு செட்டுக்கு 8 ரெப்ஸ் (தடவை) வீதம் 5 செட் போடுகிறேன். திங்கள் ஸ்குவாட், செவ்வாய் பெஞ்ச், வியாழன் டெட்லிஃப்ட், சனி லைட் பெஞ்ச். ரோ போட்டால் மறுநாள் இடுப்பு இரண்டு பக்கமும் இறுகிக்கொள்கிறது. வலி காலுக்கு இறங்குவதில்லை, இரண்டு நாளில் விட்டுவிடும். நான் எந்த ரோ போட வேண்டும், எவ்வளவு கனம்? ஸ்ட்ராப் (கையைப் பாரோடு சேர்த்துக் கட்டும் பட்டை) கட்டலாமா? உள்ளங்கை மேலே பார்க்கப் பிடிக்கலாமா? லேட் புல்டவுன் மட்டும் போதாதா? போட்டிக்கு 16 வாரம் இருக்கிறது. ரோ, டெட்லிஃப்ட் இரண்டின் வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள நண்பருக்கு வணக்கம். இடுப்பு வலியை முதலில் பேசிவிடலாம். அது சரியாக இருந்தால்தான் மற்றவற்றைப் பற்றி எழுதுவதில் பொருள் உண்டு. இரு பக்கமும் ஒரே மாதிரி இறுகி, காலுக்கு இறங்காமல், இரண்டு நாளில் தானாகத் தளர்ந்துவிடும் வலி பெரும்பாலும் முதுகுத் தண்டை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளின் களைப்பாகவே இருக்கும். ஆனாலும் கடிதத்தை வைத்து ஒருவருடைய இடுப்பைத் தீர்மானமாகச் சொல்லிவிட முடியாது. கீழே சொல்லும் மாற்றத்தைச் செய்த பிறகும் மூன்று வாரத்தில் அந்த இறுக்கம் குறையவில்லை என்றால், ஒரு பிசியோதெரபிஸ்டிடமோ எலும்பு மருத்துவரிடமோ நேரில் காட்டுங்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, கால் விரலைத் தூக்க வலுவில்லாமல் போனாலோ மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலும், இரு தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி குறைந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இனி வீடியோ. ரோவில் முதல் மூன்று ரெப்ஸ் நன்றாக இருக்கின்றன. உடல் தரைக்குச் சமமாகக் குனிந்திருக்கிறது, பார் தொப்புளுக்குச் சற்று மேலே தொடுகிறது. நான்காவதில் முழங்கால் நீண்டு கொடுக்கிறது. ஆறாவதில் மார்பு மேலே எழுந்து, உடல் ஏறக்குறைய 45 டிகிரிக்கு வந்துவிடுகிறது. எட்டாவது ரெப்பில் பார் வயிற்றைத் தொடவே இல்லை. இடுப்பை ஒரு வெட்டு வெட்டிப் பாரை மேலே எறிந்துவிட்டு, அது விழும்போது கீழ்முதுகால் பிடித்து நிறுத்துகிறீர்கள். அதாவது 100 கிலோவில் உங்கள் விலாப்புறத் தசைக்கும் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளுக்கும் கிடைப்பது மூன்று நல்ல ரெப்ஸ். மீதி ஐந்தும் கீழ்முதுகுக்கான வேலை. ஐந்து செட்டுக்குக் கணக்குப் போட்டால், புதன்கிழமை மாலை ஜிம்மை விட்டுக் கிளம்பும்போது 25 தடவை ஒரு மோசமான டெட்லிஃப்ட் செய்துவிட்டுப் போகிறீர்கள். மறுநாள்தான் உண்மையான டெட்லிஃப்ட்.

என் பதிலின் மையம் இதுதான். பவர்லிஃப்டருக்கு ரோ வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் எந்த ரோ என்பதை முதுகின் மேல்பாதியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கீழ்ப்பாதியால் அந்த வாரத்தில் இன்னும் எவ்வளவு தாங்க முடியும் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கீழ்முதுகின் தாங்குதிறன் மாதச் சம்பளம் போன்றது: ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்ட்டுக்கும் கொடுத்தது போக மிச்சத்தில்தான் மற்றதெல்லாம். திங்களன்று ஸ்குவாட்டிலும் வியாழனன்று டெட்லிஃப்ட்டிலும் அதைச் செலவழிக்கும் நீங்கள், புதன்கிழமையும் அதிலேயே கை வைக்கிறீர்கள். ஓர் ஆண்டாக டெட்லிஃப்ட் நிற்பதற்கு இது மட்டும் காரணம் இல்லை, ஏனென்றால் கனமான ரோ தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. ஆனால் கடைசி ஆறு மாதத்துக்கு இது போதுமான காரணம்.

உங்கள் மாஸ்டர் முதுகில் பலம் பத்தவில்லை என்று சொன்னதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. டெட்லிஃப்ட் வீடியோவில் பார் தரையை விட்டுக் கிளம்பும்போது கணைக்காலின் முன்னெலும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பாதிக் கணைக்கால் உயரம் வருவதற்குள் இரண்டு மூன்று விரல் அகலம் முன்னே போய்விடுகிறது. இதைச் சுமார் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 215 கிலோ அவ்வளவு விலகும்போது இடுப்பு மூட்டின் மீது கூடுதலாக ஏறும் திருப்புத்திறன் ஏறக்குறைய 105 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் தள்ளி 11 கிலோவை நீட்டிப் பிடித்தால் வரும் சுமை அது. ஏற்கெனவே எல்லையில் நிற்கும் உடலுக்கு இதை யாரோ மேலே ஏற்றி வைத்தது போல் ஆகிறது. அதைச் சமாளிக்க மேல்முதுகு வளைந்துகொடுக்கிறது. பாரைக் காலோடு ஒட்டி வைக்கும் வேலை லாட் எனப்படும் அகன்ற முதுகுத் தசையுடையது. அது இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்தும் முதுகெலும்பின் கீழ்ப்பாதியிலிருந்தும் கிளம்பி, மேல்கை எலும்பில் போய்ச் சேர்கிறது. கை நீண்டிருக்கும்போதும் மேல்கையை உடலை நோக்கிப் பின்னே இழுக்க அதனால் முடியும். ஆகவே லாட் வலுப்பட வேண்டும் என்ற அளவில் மாஸ்டர் சொன்னது சரி. எப்படி என்பதில்தான் நான் வேறுபடுகிறேன்.

மேல்முதுகு வளைவதைப் பற்றி ஒரு சிறு விளக்கம். டெட்லிஃப்ட்டில் மேல்முதுகு கொஞ்சம் வளைந்தே தொடங்கி, அந்த வளைவு மாறாமல் கடைசிவரை தூக்கி முடிக்கும் தேர்ந்த வீரர்கள் பலர் இருக்கிறார்கள். அதில் குற்றம் ஏதும் இல்லை. உங்களுக்கு நடப்பது வேறு: நேராகத் தொடங்கி, பாதி வழியில், கனத்தின் கீழ், வளைவு கூடிக்கொண்டே போகிறது. இருக்கும் நிலையைப் பிடித்து நிறுத்த முடியாமல் போவதே இங்கே குறை. இதனால்தான் ரோ மட்டுமே இதற்கு முழு மருந்தாகாது என்று சொல்கிறேன். ரோ தசையைத் தடிக்கச் செய்யும், வலுவாக்கும். அந்த வலுவை எந்த இடத்தில், எந்த நொடியில் பயன்படுத்த வேண்டும் என்பதை டெட்லிஃப்ட்தான் கற்றுக்கொடுக்கும். 150 முதல் 160 கிலோவை வைத்து, முழங்காலுக்குக் கீழே பாரை இரண்டு விநாடி நிறுத்தி, காலை உரசிக்கொண்டு மேலே போகும் பாஸ் டெட்லிஃப்ட்டை 3 ரெப்ஸ் வீதம் 3 செட், வியாழனன்று உங்கள் பிரதான செட்டுகளுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு விநாடியில் லாட் தளர்ந்தால் பார் முன்னே போவது உங்களுக்கே தெரியும்; வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எந்த ரோ என்ற கேள்விக்கு வருகிறேன். கனடாவில் உள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியலை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கிலும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மூன்று வகை ரோக்களை ஒப்பிட்டார்கள்: நின்று குனிந்து போடும் பார்பெல் ரோ, பாருக்குக் கீழே தொங்கியபடி உடலை மேலே இழுக்கும் இன்வர்ட்டட் ரோ, நின்றபடி ஒரு கையால் இழுக்கும் கேபிள் ரோ. குனிந்து போடும் ரோவில் முதுகு முழுவதும் நன்றாக வேலை செய்தது, ஆனால் இடுப்பு முதுகெலும்பின் மீது ஏறிய சுமையும் அதில்தான் மிக அதிகம். இன்வர்ட்டட் ரோவில் லாட்டும் மேல்முதுகும் மிக அதிகமாக முடுக்கப்பட்டன. இடுப்பின் மீது ஏறிய சுமையோ மூன்றிலும் மிகக் குறைவு. ஒரு கைக் கேபிள் ரோ உடல் முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் வலுவைச் சோதித்தது. உங்கள் நிலைமைக்கு இன்வர்ட்டட் ரோ பற்றிய அந்த முடிவைவிடப் பொருத்தமான சேதி கிடைப்பது அரிது.

நம் ஊர் ஜிம்களில் இன்வர்ட்டட் ரோவுக்கு மரியாதை கிடையாது. புல்-அப் எடுக்க வராதவர்களுக்குக் கொடுக்கும் ஆரம்பப் பாடம் என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். 215 கிலோ தூக்குபவர் ஸ்மித் மெஷினுக்குக் (பார் செங்குத்துக் கம்பிகளில் ஏறி இறங்கும் மெஷின்) கீழே மல்லாந்து கிடந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கவும் கூடும். சிரிக்கட்டும். பாரை இடுப்பு உயரத்தில் பூட்டி, பாதங்களை ஒரு பெஞ்சின் மேல் வைத்து, தலையிலிருந்து குதிகால் வரை உடல் ஒரே கோடாக, பிட்டத்தை இறுக்கி, மார்பின் கீழ்ப்பகுதி பாரைத் தொடும்வரை இழுத்து, அங்கே ஒரு விநாடி நின்று, பிறகு மெதுவாக இறங்குங்கள். கீழே வந்ததும் கைகள் முழுதும் நீள வேண்டும். தோள்பட்டை எலும்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி முன்னே போக விடுங்கள், அவற்றை எந்நேரமும் பின்னுக்கு இறுக்கியே வைத்திருக்க வேண்டும் என்பது பெஞ்சுக்கான விதி, ரோவுக்கு அல்ல. இப்படி ஒழுங்காக 12 ரெப்ஸ் வந்துவிட்டால், நெஞ்சின் மேல் ஒரு 10 கிலோ பிளேட்டை வைத்துக்கொள்ளுங்கள். அது சரியாமல் இருக்க யாராவது ஒருவர் வைத்துக்கொடுப்பது நல்லது. பாரை இறுக்கிப் பிடிப்பதை 81 செ.மீ. இடைவெளியில் உள்ள வளையக் கோடுகளை அடையாளமாக வைத்து, பெஞ்சில் பிடிக்கும் அதே அகலத்தில் பழகிக்கொண்டால், பெஞ்சுக்கும் அது நேரடியாகப் பயன்படும். ஸ்மித் மெஷினின் பாரில் அந்தக் கோடு இல்லையென்றால் ஒரு முறை அளந்து டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, நெஞ்சைத் தாங்கவைத்துப் போடும் ரோ. சாய்வுப் பெஞ்சை 30 டிகிரி அளவுக்கு வைத்து, நெஞ்சும் வயிறும் அதில் படியக் குப்புறப் படுத்து, இரண்டு டம்ப்பெல்களை இழுப்பது. இங்கே இடுப்பால் உதற முடியாது. உதறினால் நெஞ்சு பெஞ்சை விட்டு எழும், அதுவே எச்சரிக்கை. முழங்கையை விலாவோடு ஒட்டி, டம்ப்பெல்லை இடுப்பை நோக்கி இழுத்தால் லாட்டுக்கு அதிக வேலை. முழங்கையை 60 டிகிரி போல விரித்து, மார்பின் பக்கவாட்டுக்கு இழுத்தால் தோளின் பின்புறத்துக்கும் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளுக்கும் அதிக வேலை. உங்களுக்கு இரண்டும் தேவை: டெட்லிஃப்ட்டுக்காக முதலாவது, பெஞ்சுக்காக இரண்டாவது. பல ஜிம்களில் டம்ப்பெல் 30 கிலோவோடு நின்றுவிடும். அப்படியானால் மேலே ஒரு விநாடி நிறுத்தி, இறக்க மூன்று விநாடி எடுத்து, 15 ரெப்ஸ் வரை போங்கள். அந்த 30 கிலோவே போதுமான கனமாகிவிடும். உங்கள் ஜிம்மில் நெஞ்சுத் தாங்கலோடு டி-பார் மெஷின் இருந்தால் இன்னும் வசதி.

பெஞ்சில் பார் ஆடுவதற்கும் இந்த விரித்த முழங்கை ரோதான் நீண்டகால மருந்து. பார் இறங்கும்போது முதுகு பெஞ்சோடு அழுந்தி ஒரு திடமான மேடையாக நின்றால், கைகள் செல்லும் பாதை தானாக ஒழுங்குபடும். போட்டியில் பார் மார்பில் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் பிரஸ் என்று சொல்வார். அந்தக் காத்திருப்பில் தோள் முன்னே உருண்டால், அங்கேயே 5 கிலோ போய்விடும். ஆனால் ஆட்டத்துக்கு உடனடியான காரணம் பெரும்பாலும் பலக்குறைவு அல்ல, பாரை ரேக்கிலிருந்து எடுக்கும்போது தோள் கழன்றுவிடுவது. கைகொடுக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு பாருங்கள்; ஆட்டம் பாதியாகக் குறைந்தால் காரணம் அதுதான்.

அப்படியென்றால் நின்று போடும் பார்பெல் ரோவையே விட்டுவிட வேண்டுமா என்றால், நான்கு வாரத்துக்கு முழுதாக விடுங்கள், பிறகு வேறு உருவத்தில் கொண்டுவாருங்கள். அந்த உருவம் அமெரிக்க வெயிட்லிஃப்டிங் பயிற்சியாளர் கிளென் பென்ட்லேயின் பெயரால் வழங்கும் பென்ட்லே ரோ. ஒவ்வொரு ரெப்பும் தரையிலிருந்து கிளம்பித் தரையிலேயே முடியும். ஒரு ரெப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கீழ்முதுகுக்குச் சிறு ஓய்வு கிடைக்கும். உடல் தரைக்குச் சமமாகவே இருக்க வேண்டும். இதில் நம் ஜிம்களில் யாரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. போட்டியில் வரும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ.; அதாவது பாரின் மையம் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். நீங்கள் 70 கிலோவுக்கு இரு பக்கமும் ஒரு 15, ஒரு 10 என்று இரும்புப் பிளேட் ஏற்றினால், அவற்றின் விட்டம் சிறியதாக இருப்பதால் பார் பல செ.மீ. கீழே போய்விடும். அதை எட்ட முதுகைக் கூடுதலாக வளைப்பீர்கள். எதைத் தவிர்க்க இந்த வகையைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே மரப்பலகையையோ, படுக்கவைத்த இரண்டு பிளேட்டையோ வைத்து, பார் கணைக்காலுக்கு நடுவே வரும்வரை உயர்த்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வாரத்திலிருந்து வியாழனன்று, டெட்லிஃப்ட்டும் பாஸ் டெட்லிஃப்ட்டும் முடிந்த பிறகு, பென்ட்லே ரோவை 70 கிலோவில் 5 ரெப்ஸ் வீதம் 3 செட் தொடங்குங்கள். கீழ்முதுகு களைத்திருக்கும்போது ஏன் என்று கேட்பீர்கள். கீழ்முதுகுக்கான கடுமையான வேலையெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு திங்கள் வரை அதற்கு ஓய்வு. களைப்பாக இருப்பதால் கனத்தை ஏற்றும் ஆசையும் அடங்கியிருக்கும். ஒவ்வொரு ரெப்பிலும் பார் வயிற்றைத் தொட வேண்டும். உடல் எழக் கூடாது. 15 ரெப்பும் அப்படி வந்தால் மட்டும் அடுத்த வாரம் 2.5 கிலோ ஏற்றுங்கள், வராவிட்டால் அதே கனம். இப்படி 85 கிலோவை எட்டினீர்கள் என்றால், அது உங்கள் பழைய 100 கிலோவைவிடப் பெரிய சாதனை. ரோவுக்கு மேடை கிடையாது, நடுவர் கிடையாது, பதக்கமும் கிடையாது; அதில் எண்ணைப் பெருக்கிக் காட்டுவதால் யாருக்கும் லாபம் இல்லை.

வாரக் கணக்கு இப்படி அமையும். புதன்கிழமை முழு ஓய்வு. நடந்துவிட்டு வந்தால் போதும். செவ்வாயன்று பெஞ்சுக்குப் பிறகு நெஞ்சுத் தாங்கல் ரோ 4 செட், அவற்றில் இரண்டு முழங்கையை ஒட்டி, இரண்டு விரித்து, 8 முதல் 12 ரெப்ஸ். சனியன்று லைட் பெஞ்சுக்குப் பிறகு இன்வர்ட்டட் ரோ 4 செட். வியாழனன்று முதல் நான்கு வாரம் ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றிப் போடும் டம்ப்பெல் ரோ ஒவ்வொரு கைக்கும் 3 செட். ஐந்தாம் வாரம் முதல் அதன் இடத்தில் பென்ட்லே ரோ. மொத்தம் வாரத்துக்கு 11 செட், இப்போது போடும் ஐந்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் இடுப்புக்குக் குறைவான சுமைதான். ஒவ்வொரு செட்டையும் இன்னும் இரண்டு ரெப்ஸ் ஒழுங்காக வரும் என்ற நிலையில் நிறுத்துங்கள். உயிரைக் கொடுத்து எடுக்கும் கடைசி ரெப் போட்டி மேடைக்கு உரியது.

உங்கள் சிறு கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேட் புல்டவுன் நல்ல பயிற்சி, ஆனால் அது மேலிருந்து கீழே இழுப்பது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்குச் சேர்க்கும் தசைகளுக்கு ரோ அளவுக்கு அதில் வேலை இல்லை. ஆகவே ரோவுக்குப் பதிலாக வேண்டாம். அதே மெஷினில் கையை மடக்காமல், நின்றபடி பாரைத் தொடைவரை இழுக்கும் ஸ்ட்ரெய்ட் ஆர்ம் புல்டவுனை வியாழனன்று டெட்லிஃப்ட்டுக்கு முன்பு, லேசான எடையில் 2 செட் போடுங்கள். பாரைக் காலோடு ஒட்டி வைக்கும்போது லாட் செய்யும் வேலைக்கு அதைவிட நெருக்கமான பயிற்சி இல்லை. டெட்லிஃப்ட்டுக்கு உடலைத் தயார் செய்வதற்கும் அது உதவும்.

ஸ்ட்ராப் ஐ.பி.எஃப் (சர்வதேசப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு) விதிப்படி போட்டியில் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக ரோவில் கட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. விரல் தளர்வதால் முதுகுக்கான செட் பாதியில் நின்றுவிட்டால் நட்டம் முதுகுக்குத்தான். நெஞ்சுத் தாங்கல் ரோவுக்கு ஸ்ட்ராப் கட்டிக்கொள்ளுங்கள், பென்ட்லே ரோவையும் டெட்லிஃப்ட்டையும் வெறுங்கையால், சாக் பொடி மட்டும் பூசிச் செய்யுங்கள். பிடிப்பு உங்களுக்குத் தனிக் குறையாக இருந்தால், பத்தாவது வாரத்துக்குப் பிறகு, அமெரிக்கப் பவர்லிஃப்டர் ஜனே க்ராக்கின் பெயரால் வழங்கும் க்ராக் ரோவை, அதாவது கனமான டம்ப்பெல்லை ஸ்ட்ராப் இல்லாமல் ஒரு கையால் 20 ரெப்புக்கு மேல் இழுப்பதை, சனிக்கிழமை ஒரே ஒரு செட் போடலாம். அதில் உடல் கொஞ்சம் ஆடுவதை அனுமதிப்பார்கள். ஊன்றிய கை இடுப்பைத் தாங்குவதால் எனக்கும் அதில் பெரிய ஆட்சேபம் இல்லை.

உள்ளங்கை மேலே பார்க்கப் பிடிப்பதை மட்டும் நான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வீடியோவில் நீங்கள் டெட்லிஃப்ட்டுக்குக் கலப்புப் பிடியில், இடது உள்ளங்கையை வெளியே திருப்பிப் பிடிக்கிறீர்கள். டெட்லிஃப்ட்டில் பைசெப்ஸ் தசைநார் அறுந்துபோவது பெரும்பாலும் அப்படித் திருப்பிய கையில்தான். வாரம் ஒரு முறை அந்தச் சுமையைத் தாங்கும் தசைநாருக்கு, கனமான ரோவில் இன்னொரு முறையும் அதே சோதனையை வைக்கத் தேவையில்லை. உள்ளங்கையை மேலே திருப்பிப் போடும் ரோவைப் பிரபலமாக்கிய பாடிபில்டர் டோரியன் யேட்ஸுக்கே 1994-இல் அந்தப் பயிற்சியின்போது இடது பைசெப்ஸ் அறுந்தது. அவர் அந்த ஆண்டும் மிஸ்டர் ஒலிம்பியா ஆனார் என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கத் தொடங்கும் முன் முழங்கையை நன்றாக நீட்டிப் பூட்டுங்கள். மடங்கிய முழங்கையோடு பாரைப் பிடுங்குவதுதான் ஆபத்து. முடிந்தால் லேசான செட்டுகளில் இரு கையையும் கீழ்நோக்கிப் பிடித்துப் பழகி, கனமான செட்டுக்கு மட்டும் கலப்புப் பிடியை வையுங்கள்.

ஒன்று விட்டுப்போனது: முழங்கையின் உட்பக்கம். பாரைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி வைத்து ஸ்குவாட் செய்பவர்களுக்கு, பெஞ்சும் ரோவும் சேரும்போது அங்கே வலி வருவது வழக்கம். வந்தால் ரோவைக் குறைக்காதீர்கள்; முதலில் ஸ்குவாட்டில் கைப்பிடியை ஒரு விரல் அகலம் விரித்துப் பாருங்கள், டம்ப்பெல்லை உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கப் பிடியுங்கள்.

இந்த மாற்றத்தை உங்கள் மாஸ்டரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். அவர் கண்ணெதிரில் நீங்கள் பயிற்சி செய்கிறீர்கள், நான் வீடியோவில் பார்க்கிறேன். பார் தொடாத ரெப்பை எண்ணாமல் விட ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது என் அட்டவணையைவிடப் பயனுள்ளது. இனி வீடியோ எடுக்கும்போது, செல்போனைத் தரையோடு வைக்காமல், பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில், பிளேட் முழுவதும் தெரியும்படி வையுங்கள். பாருக்கும் காலுக்கும் உள்ள இடைவெளி அப்போதுதான் பொய் சொல்லாது.

ஒன்பதாவது வாரத்தில் 200 கிலோவை ஒரு ரெப் எடுத்து அதைப் பாருங்கள். இடைவெளி குறைந்திருந்தால் பதின்மூன்றாவது வாரத்தில் 217.5 கிலோவை முயலலாம். குறையவில்லையென்றால் கனம் வேண்டாம், பாஸ் டெட்லிஃப்ட்டில் ஒரு செட்டைக் கூட்டுங்கள். போட்டிக்குப் பதினைந்து நாள் முன்பே பென்ட்லே ரோ நின்றுவிட வேண்டும். நெஞ்சுத் தாங்கல் ரோவைக் கடைசி வாரத்தின் தொடக்கம்வரை பாதி செட்டுகளாகக் குறைத்துப் போடலாம். எடை பார்க்கும் நாளுக்கு முந்திய நான்கு நாள்களில் எந்த ரோவும் வேண்டாம், நண்பர்கள் ஜிம்முக்குக் கூப்பிட்டாலும்.